எத்தனை மீட்டரில் நிற்கும்?

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் டயர் கடைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, “இது எவ்வளவு கிலோமீட்டர் ஓடும்?” என்பதைத்தான். அடுத்து விலை. அதற்கடுத்து, வீல் அலைன்மென்ட்டும் பேலன்சிங்கும் அந்த விலைக்குள் அடங்குமா என்ற பேரம். மழை ஈரத்தில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது குறுக்கே மாடு வந்து, பிரேக்கை ஓங்கி மிதித்தால் இந்த டயர் எத்தனை மீட்டரில் காரை நிறுத்தும் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு.

அதற்குக் காரணம் உண்டு. ஓடிய தூரத்தை யார் வேண்டுமானாலும் மீட்டரைப் பார்த்துச் சொல்லிவிடலாம். நிற்கும் தூரம் அப்படிக் கண்ணுக்குத் தெரிவதில்லை. அவசரமாக நிறுத்த வேண்டிய கணம் வரும் வரை நல்ல டயரும் சுமாரான டயரும் ஒரே மாதிரிதான் உருள்கின்றன. ஆனால் அலுவலகம், பள்ளிக்கூடம், சந்தை, வார இறுதியில் குற்றாலம் அல்லது திருச்செந்தூர் என்று ஓடும் வீட்டுக் காருக்கு இந்தக் கேள்விதான் முதலில் வர வேண்டும். அதற்கு நல்ல பதில் சொல்லும் டயரை வாங்கப் பெரிய பணமும் தேவையில்லை.

பள்ளிக்கூட இயற்பியலைக் கொண்டே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வேகத்தின் வர்க்கத்தை, உராய்வுக் குணகத்தையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் பெருக்கி வந்ததன் இருமடங்கால் வகுத்தால், பிரேக் பிடித்த பிறகு கார் ஓடும் தூரம் கிடைக்கும். மணிக்கு 80 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 22 மீட்டர். காய்ந்த தார்ச்சாலையில் உராய்வுக் குணகம் 0.8 என்று கொண்டால் கார் சுமார் 31 மீட்டரில் நின்றுவிடும். நனைந்த சாலையில் ஒரு டயருக்கு அது 0.5 என்றால் 50 மீட்டர் ஆகும். இன்னொரு டயருக்கு 0.4 என்றால் 63 மீட்டர். எண்ணில் வித்தியாசம் வெறும் 0.1. ஆனால் முதல் கார் முழுவதும் நின்றுவிட்ட அதே இடத்தை இரண்டாவது கார் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கும். எதிரே நிற்பது மாடாக இருந்தாலும் மனிதராக இருந்தாலும், ஒன்றில் தப்பித்தல், மற்றொன்றில் மோதல்.

இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் எல்லாப் புதுக் கார்களிலும் ஏ.பி.எஸ். கட்டாயமாகிவிட்டது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதும், பிரேக் பிடிக்கும்போதே ஸ்டியரிங் திரும்ப வழிவிடுவதும் அதன் வேலை. டயரில் இல்லாத பிடிப்பை அதனால் உண்டாக்க முடியாது. இருக்கிற பிடிப்பை வீணாக்காமல் பயன்படுத்தும், அவ்வளவுதான்.

பாடப்புத்தகத்தை மீறும் ரப்பர்

நான்கு பேர் ஏறிய ஒரு சிறிய காரின் எடை ஏறத்தாழ 1,200 கிலோ. சக்கரத்துக்கு 300 கிலோ. டயரில் 33 பிஎஸ்ஐ காற்று இருந்தால் அது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.3 கிலோ அழுத்தம். 300ஐ 2.3ஆல் வகுத்தால் 130 சதுர சென்டிமீட்டர். காருக்கும் சாலைக்கும் ஒரு சக்கரத்தில் உள்ள தொடர்பு அவ்வளவே. அகலத்தில் 13, நீளத்தில் 10 சென்டிமீட்டர், ஏறக்குறைய ஓர் உள்ளங்கை. திருப்பம், வேகமெடுப்பு, நிறுத்தம் எல்லாம் அந்த நான்கு உள்ளங்கைப் பரப்பின் வழியாகத்தான் நடக்கின்றன.

உராய்வு தொடுபரப்பைப் பொறுத்தது அல்ல என்று பள்ளியில் படிக்கிறோம். மரக்கட்டைக்கும் இரும்புக்கும் அது பெரும்பாலும் பொருந்தும். ரப்பர் அந்த விதிக்கு அடங்குவதில்லை. அதன் பிடிப்பு வேகத்தோடு மாறும், வெப்பத்தோடு மாறும், சுமை கூடும்போதும் மாறும். 1963இல் கே. ஏ. கிராஷ் என்ற ஆய்வாளர் பல வகை ரப்பர்களை வெவ்வேறு வெப்பநிலைகளிலும் வேகங்களிலும் கண்ணாடி மேலும் சொரசொரப்பான பரப்பின் மேலும் இழுத்து அளந்தார். லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியான அந்த ஆய்வு, ரப்பரின் பிடிப்புக்கு இரண்டு ஊற்றுகள் இருப்பதைத் தெளிவாக்கியது.

ஒன்று ஒட்டுதல். ரப்பரின் நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் கல்லின் பரப்போடு நெருங்கிச் சேரும்போது நொடிக்கு நொடி ஒட்டிப் பிரிகின்றன. காய்ந்த, சுத்தமான சாலையில் இது நன்றாக வேலை செய்யும். மற்றொன்று ரப்பரின் உள் உராய்வு. தார்ச்சாலையின் ஒவ்வொரு ஜல்லி முனையிலும் ரப்பர் ஏறி, அமுங்கி, மறுபுறம் விரிகிறது. அமுங்கும்போது வாங்கிய ஆற்றல் முழுவதையும் விரியும்போது அது திருப்பித் தருவதில்லை. ஒரு பகுதி வெப்பமாகப் போகிறது. அந்த இழப்புதான் காரை நிறுத்தும் விசையாக மாறுகிறது.

மழை பெய்தவுடன் ரப்பருக்கும் சாலைக்கும் நடுவே தண்ணீர்ப் படலம் புகுந்து ஒட்டுதலைக் கெடுத்துவிடும். ஈரச் சாலையில் பெரும்பங்கு சுமப்பது இரண்டாவது ஊற்றுதான். ஆகவே மழையில் நிற்க வேண்டுமானால், ஜல்லியின் நுண்ணிய முனைகளில் அமுங்கி விரியும்போது ஆற்றலைத் தாராளமாக இழக்கிற ரப்பர் வேண்டும்.

இங்கேதான் டயர் தயாரிப்பாளரின் சிக்கல் தொடங்குகிறது. ஆற்றலை இழக்கிற ரப்பர் பெட்ரோலையும் குடிக்கும். சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் கீழே ஒருமுறை நசுங்கி நிமிர்கிறது. அந்த நசுங்கலில் போகும் ஆற்றல் என்ஜினிலிருந்து வருவது. ஈரப் பிடிப்பைக் கூட்டினால் மைலேஜ் குறையும், அல்லது டயர் சீக்கிரம் தேயும். தேய்மானத்தைக் குறைக்க ரப்பரைக் கடினமாக்கினால் மழையில் வழுக்கும். பிடிப்பு, தேய்மானம், எரிபொருள் என்ற இந்த மூன்றையும் டயர் துறையினர் மாய முக்கோணம் என்பார்கள். ஒரு முனையை இழுத்தால் மற்ற இரண்டும் அசையும்.

முக்கோணத்தைச் சற்று விரித்தது மணலின் உறவினரான சிலிக்கா. டயர் கறுப்பாக இருப்பதற்குக் காரணமான கார்பன் கறுப்பு, ரப்பருக்கு வலுவூட்ட ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் சேர்க்கப்படுவது. 1992இல் பிரான்சின் மிஷெலின் நிறுவனம் அதில் பெரும்பகுதியை எடுத்துவிட்டுச் சிலிக்காவைச் சேர்த்த டயரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சிறிய காரின் சக்கரம் நொடிக்குப் பதினொரு முறை சுற்றுகிறது. முழு டயரும் நசுங்குவது அந்தக் கதியில். ஜல்லியின் நுண்முனைகளில் வழுக்கும் ரப்பர் அதிர்வதோ நொடிக்கு ஆயிரக்கணக்கான, லட்சக்கணக்கான தடவை. மெதுவான நசுங்கலில் குறைவாகவும், வேகமான அதிர்வில் அதிகமாகவும் ஆற்றலை இழக்கும்படி ரப்பரை அமைக்க சிலிக்கா உதவியது. இரண்டையும் ஆய்வுக்கூடத்தில் பிரித்துப் பார்க்க, ரப்பர் துண்டை 0 டிகிரியிலும் 60 டிகிரியிலும் சோதிப்பார்கள். முதலாவது ஈரப் பிடிப்புக்கு அறிகுறி, இரண்டாவது எரிபொருள் செலவுக்கு. இன்று கொஞ்சம் நல்ல கார் டயர் எதிலும் சிலிக்கா இருக்கிறது. எவ்வளவு, எந்தக் கலவையில் என்பது மட்டும் ஒவ்வொரு கம்பெனியும் வெளியே சொல்லாத ரகசியம்.

சாலையைத் தொடும் மேலடுக்கின் சரக்கு வேறு, உள்ளே உள்ள நைலான், எஃகுக் கம்பி அடுக்குகளும் பக்கச்சுவரும் வேறு. இன்றைய எம்.ஆர்.எஃப். கூட முழு டயரோடு தொடங்கவில்லை. 1946இல் சென்னை திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்த அந்தச் சிறு பட்டறை, 1952இல் இறங்கியது தேய்ந்த டயருக்கு மேலே போர்த்தும் ட்ரெட் ரப்பர் தயாரிப்பில். டயர் முழுவதையும் செய்யத் தொடங்கியது 1961இல்தான். நம்மூரில் ‘பட்டன்’ என்று சொல்லும் அந்த மேலடுக்கின் சரக்குதான் பிடிப்பைத் தீர்மானிக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத் தோட்டங்களில் பால் வடிக்கும் இயற்கை ரப்பர், சூடாகாமல் சுமை தாங்கும் குணத்தால் லாரி, பேருந்து டயர்களிலும் கார் டயரின் பக்கச்சுவரிலும் அதிகம் சேர்கிறது. கார் டயரின் பட்டனில் பெரும்பங்கு, ஈரத்தில் கூடுதலாகப் பிடிக்கும் செயற்கை ரப்பருக்கே.

நெல்லைக்கு இரண்டு மழை

தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் ஈரம் இரண்டு விதம். டயர் வாங்குகிறவர் இரண்டையும் தனித்தனியே யோசிக்க வேண்டும்.

ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மழையைக் கொட்டிவிட்டு, திருநெல்வேலிக்கு வறண்ட காற்றாக வந்து சேரும். வண்ணார்பேட்டையில் வெயில் கொளுத்தும்போதே செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்காசியில் சாரல் விழும். குடும்பத்தோடு குற்றாலம் கிளம்பும் கார், ஆலங்குளம் வரை காய்ந்த, சூடான சாலையில் ஓடி, பாவூர்ச்சத்திரம் தாண்டியதும் நனைந்த சாலையில் நுழையும். அங்கே தண்ணீர் தேங்கி நிற்பதில்லை. மெல்லிய ஈரப்படலம் மட்டும். பல நாள் சேர்ந்த புழுதி, என்ஜின் எண்ணெய்ச் சொட்டு, தேய்ந்த ரப்பர்த் தூள் எல்லாம் அந்தக் கொஞ்ச நீரில் குழைந்து வழுவழுப்பாகிவிடும். கன மழையானால் கழுவிக்கொண்டு போய்விடும். சாரல் அதைக் கழுவாது, குழைக்கும். சாலையின் வெள்ளைக்கோட்டுப் பூச்சும் பாலங்களின் இரும்பு இணைப்புகளும் இன்னும் மோசம்.

இந்த ஈரத்தில் உதவுவது ரப்பரின் கலவையும், பட்டன் கட்டைகளில் கத்தியால் கீறியதுபோல் இருக்கும் நுண்கீறல்களும். கீறல்களின் விளிம்புகள் படலத்தைத் துடைத்து, ரப்பரை ஜல்லியோடு சேர வைக்கின்றன. பழைய, இறுகிப்போன டயர் எவ்வளவு பட்டன் வைத்திருந்தாலும் சாரலில் வழுக்குவதற்குக் காரணம், கலவை செத்துவிட்டதுதான்.

ஐப்பசி, கார்த்திகையில் வருவது வேறு மழை. வடகிழக்குப் பருவத்தில் நாலுவழிச்சாலையின் பள்ளங்களில் சில மில்லிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும். 3 மில்லிமீட்டர் நீரில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஒரு சக்கரம், தன் 13 சென்டிமீட்டர் அகலத்துக்கு அடியிலிருந்து நொடிக்கு எட்டு லிட்டருக்கும் அதிகமான தண்ணீரை விலக்க வேண்டும். விலக்க முடியாவிட்டால் டயருக்கு அடியில் நீர் ஆப்பாக நுழைந்து அதைத் தூக்கிவிடும். பிறகு ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கார் திரும்பாது.

அமெரிக்காவின் நாசாவில் வால்டர் ஹார்னும் சக ஆய்வாளர்களும் விமானச் சக்கரங்களை வைத்து இந்த நீர்வழுக்கை ஆராய்ந்து, 1963இல் ஓர் எளிய சூத்திரத்தைத் தந்தார்கள். தண்ணீர் போதிய ஆழமிருந்து பட்டன் அதை விலக்க முடியாதபோது, டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. காருக்கு அது தோராயமான வழிகாட்டிதான் என்றாலும், 33 பிஎஸ்ஐ காற்றுள்ள டயருக்குச் சுமார் 96 கிலோமீட்டர் என்று வருகிறது. கவனிக்காமல் விட்டு 24 பிஎஸ்ஐக்கு இறங்கிய டயருக்குச் சுமார் 82. காற்றுப் பிடிக்கச் சோம்பல்பட்டதற்குப் போன விலை 14 கிலோமீட்டர் வேகம்.

இந்த ஆழமான நீரில் உதவுவது பட்டனின் பள்ளம். புது டயரில் அது 7 முதல் 8 மில்லிமீட்டர். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 94ஆம் விதிப்படி காருக்குக் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பள்ளங்களுக்குள் சிறு மேடுகளாக அந்த அளவுக்கே அடையாளம் வைத்திருப்பார்கள். பட்டன் தேய்ந்து மேட்டோடு சமமானால் அது மொட்டை டயர். ஆனால் சட்டம் சொல்வது கடைசி எல்லை. கார்த்திகை மழையை நெடுஞ்சாலையில் சந்திக்கிறவர் 3 மில்லிமீட்டரிலேயே புது டயரைப் பற்றி யோசிக்கத் தொடங்க வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18ஆம் தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டி, தாமிரபரணி கரைபுரண்டு, கொக்கிரகுளத்திலும் வண்ணார்பேட்டையிலும் சந்திப்புப் பேருந்து நிலையத்திலும் வெள்ளம் புகுந்ததே, அதற்கு எந்த டயரும் பதில் இல்லை. ஓர் அடி ஆழத்துக்கு ஓடும் நீரே சிறிய காரை மிதக்கவைத்து இழுத்துப்போகப் போதும். அங்கே ஒரே வழி, இறங்காமல் இருப்பது.

டாக்ஸிக்காரர் கணக்கும் வீட்டுக்காரர் கணக்கும்

கடைகளில் ஒரே அளவில் இரண்டு வகை டயர் கிடைக்கும். ஒன்று நீடித்து உழைப்பதை முன்னிறுத்தி விற்பது. சியட் மைலேஸ், அப்பல்லோ அமேசர் 4ஜி லைஃப், குட்இயர் அஷ்யூரன்ஸ் டியூராபிளஸ், ஜே.கே. டாக்ஸிமேக்ஸ் போன்றவை இந்த ரகம். பெயரிலேயே நோக்கம் தெரியும். இன்னொன்று பிடிப்பையும் ஈரச் சாலையில் நிற்பதையும் முன்னிறுத்துவது. சியட் செக்யூராடிரைவ், குட்இயர் அஷ்யூரன்ஸ் டிரிபிள்மேக்ஸ், அப்பல்லோ அல்நாக் 4ஜி போன்றவை அதில் சேரும். எந்தக் கம்பெனியாக இருந்தாலும் இந்த இரண்டு வரிசையும் உண்டா, கையில் எடுத்தது எந்த வரிசை என்று கேட்பதே முதல் வேலை. கம்பெனியின் பெயரை விட வரிசையின் நோக்கம் முக்கியம்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்கு. நீடித்து உழைக்கும் டயர் ஒன்று 4,500 ரூபாய், ஓடுவது 80,000 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பிடிப்புள்ள டயர் 5,500 ரூபாய், ஓடுவது 50,000. ஆண்டுக்கு 50,000 கிலோமீட்டர் ஓட்டும் டாக்ஸிக்காரருக்கு முதல் வகையில் நான்கு டயருக்கும் சேர்த்து ஆண்டுச் செலவு 11,250 ரூபாய். இரண்டாவதில் 22,000. கிட்டத்தட்ட இருமடங்கு. அவர் “எவ்வளவு ஓடும்?” என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது, அது அவர் பிழைப்பு.

வீட்டுக் கார் ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓடுகிறது என்று கொள்வோம். 80,000 ஓடும் டயர் அந்தக் காரில் எட்டு ஆண்டுகள் இருக்க வேண்டும். ஆனால் ரப்பர் அவ்வளவு காத்திருக்காது. ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆக்சிஜனும் ஓசோனும் வெயிலும் அதன் சங்கிலிகளை வெட்டியும் கூடுதலாகப் பிணைத்தும் இறுக வைக்கின்றன. வெப்பம் கூடக் கூட அது வேகமாகும். கோடையில் நெல்லையின் தார்ச்சாலை மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டுகிறது. வெட்டவெளியில் நிறுத்திய கார் நாள் முழுவதும் அந்தச் சூட்டில் வேகிறது. ஐந்து ஆண்டு ஆன டயரை ஆண்டுதோறும் பரிசோதிக்கச் சொல்வது மிஷெலினின் அறிவுரை. சில கார் கம்பெனிகள் ஆறு ஆண்டிலேயே மாற்றச் சொல்கின்றன. இந்த ஊர் வெயிலுக்கு ஆறே சரியான எல்லை.

ஆக, நீடித்து உழைக்கும் டயரை வாங்கிய வீட்டுக்காரர் ஆறாம் ஆண்டில் 20,000 கிலோமீட்டர் உழைப்பைப் பயன்படுத்தாமலேயே கழற்றுவார். அவருடைய ஆண்டுச் செலவு 3,000 ரூபாய். பிடிப்புள்ள டயரை வாங்கியவர் ஐந்து ஆண்டில் முழுவதும் தேய்த்துவிட்டு மாற்றுவார். ஆண்டுச் செலவு 4,400. வித்தியாசம் 1,400 ரூபாய், மாதத்துக்கு 120க்கும் குறைவு. ஐம்பது மீட்டரில் நிற்பதற்கும் அறுபத்துமூன்று மீட்டரில் நிற்பதற்கும் இடையிலான விலை இவ்வளவுதான் என்றால், கார் வைத்திருந்தும் அதைக் கொடுக்க முடியாத குடும்பம் இருக்காது. 2025 செப்டம்பர் 22 முதல் புது டயர்களுக்கான ஜிஎஸ்டி 28லிருந்து 18 சதவீதமாக இறங்கியிருப்பதும் இந்தப் பக்கமே சாய்கிறது.

மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் பிடிப்பில் கை வைக்க வேண்டாம், அகலத்தில் வைக்கலாம். பலர் அகலமான டயர் போட்டால் பிடிப்பு கூடும் என்று ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறார்கள். தொடுபரப்பைப் பெரும்பாலும் தீர்மானிப்பது சுமையும் காற்றழுத்தமும் என்று மேலே பார்த்தோம். அகலமான டயரில் அதே பரப்பு அகலமாகவும் நீளம் குறைந்தும் இருக்கும். காய்ந்த திருப்பத்தில் அதனால் ஓரளவு பயன் உண்டு. தேங்கிய நீரில் அதுவே பாதகம், ஏனென்றால் விலக்க வேண்டிய தண்ணீர் கூடுகிறது. கார் கம்பெனி கொடுத்த அளவிலேயே நல்ல கலவையுள்ள டயரை வாங்குவது, சுமாரான கலவையில் அகலத்தைக் கூட்டுவதை விட நன்று.

பக்கச்சுவரைப் படிப்பது

185/65 ஆர்15 88எச். மாருதி ஸ்விஃப்ட், டிசையரின் பல மாடல்களில் இருக்கும் அளவு இது. 185 என்பது மில்லிமீட்டரில் அகலம். 65 என்பது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. 15 அங்குலம் ரிம். 88 என்பது 560 கிலோ சுமைக்கான குறியீடு. எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வரை தாங்கும். அதே கார்களின் அடிப்படை மாடல்களில் பல ஆண்டுகள் வந்தது 165/80 ஆர்14. இரண்டின் வெளிவிட்டத்தையும் கணக்கிட்டால் 621.5 மில்லிமீட்டரும் 619.6 மில்லிமீட்டரும் வரும். இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் ஸ்பீடாமீட்டர் பொய் சொல்லாது. ரிம்மை மாற்ற விரும்புகிறவர் கம்பெனி தன் உயர்ந்த மாடலுக்குக் கொடுத்த அளவுக்குள்ளேயே நின்றுகொள்ளலாம். சுமைக் குறியீடும் வேகக் குறியீடும் பழையதை விடக் குறையக் கூடாது.

அடுத்து டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்கள். 2325 என்றிருந்தால் 2025ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. கடை அலமாரியில் ஓர் ஆண்டுக்கு மேல் தூங்கிய டயருக்கு முழு விலை கொடுக்க வேண்டியதில்லை. பாதி விலைக்குக் கிடைக்கும் பழைய டயரில் பட்டன் எவ்வளவு இருந்தாலும் இந்த எண்ணைப் பார்க்காமல் வாங்கவே கூடாது. ஸ்டெப்னியாகப் பின்பெட்டியில் கிடக்கும் டயருக்கும் இதே வயதுக் கணக்கு உண்டு.

ஐஎஸ்ஐ முத்திரை 2009ஆம் ஆண்டின் தரக்கட்டுப்பாட்டு ஆணைப்படி கட்டாயம். வலு, சுமை, வேகம் ஆகியவற்றுக்கு அது உத்தரவாதம். ஈரப் பிடிப்பு, உருளும் தடை, ஓசை ஆகிய மூன்றுக்கும் குறைந்தபட்ச அளவு வைக்கும் ஏஐஎஸ் 142 தரத்தை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2022 ஜூனில் அறிவித்தது. அதைத் தாண்டியவற்றுள் எது மேல், எது கீழ் என்று வாடிக்கையாளருக்குக் காட்டும் ஈரப் பிடிப்புத் தரவரிசை மட்டும் நம் கடைகளில் இல்லை. எரிசக்தித் திறன் பணியகத்தின் நட்சத்திர முத்திரை முக்கியமாகச் சொல்வது எரிபொருள் சேமிப்பை. ஐந்து நட்சத்திரம் என்றால் மழையில் நன்றாக நிற்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஐரோப்பாவில் ஒவ்வொரு டயரிலும் ஈரப் பிடிப்புக்கு ஏ முதல் ஈ வரை எழுத்து ஒட்டியிருக்கும். 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிறுத்தும்போது ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் 3 முதல் 6 மீட்டர். உச்சிக்கும் அடிக்கும் 18 மீட்டர் வரை. நாம் வாங்கும் டயர் அங்கேயும் விற்கப்பட்டால் அந்த எழுத்தைத் தேடிப் பார்க்கலாம். ஆனால் பெயர் ஒன்றாக இருந்து கலவை வேறாக இருக்கவும் வாய்ப்புண்டு.

ஏற்றுமதியாகும் பல டயர்களின் பக்கச்சுவரில் அமெரிக்கத் தரக்குறிகளும் இருக்கும். ட்ரெட்வேர், ட்ராக்‌ஷன், டெம்பரேச்சர் என்று மூன்று. ட்ரெட்வேர் எண், டெக்சாஸ் மாநிலச் சாலைகளில் 11,500 கிலோமீட்டருக்கும் மேல் ஓட்டி, ஒரு மாதிரி டயரின் 100உடன் ஒப்பிட்டுத் தருவது. 400 என்றால் தேய்மானத்தில் நான்கு மடங்கு தாங்கும் என்று அந்தக் கம்பெனி சொல்கிறது; பிடிப்பைப் பற்றி அது நேரடியாக ஒன்றும் சொல்வதில்லை. ட்ராக்‌ஷன் எழுத்துதான் ஈரப் பிடிப்பு. நனைந்த தார்ச்சாலையில் சக்கரத்தைப் பூட்டி இழுக்கும்போது உராய்வுக் குணகம் 0.54ஐத் தாண்டினால் ஏஏ, 0.47ஐத் தாண்டினால் ஏ, 0.38ஐத் தாண்டினால் பி. இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் 50 மீட்டரில் நின்ற கார் ஏ வகுப்பில் வரும், 63 மீட்டர் ஓடிய கார் பி வகுப்பில். டெம்பரேச்சர் குறி நம் வெயிலில் ஏ ஆக இருப்பது நல்லது.

வெளிநாட்டுச் சோதனைகளில் வென்றது என்பதற்காகக் குளிர்கால டயரை இங்கே கொண்டுவருவதில் பொருளில்லை. 7 டிகிரிக்குக் கீழே இறுகாமல் இருக்கச் செய்த மென்மையான ரப்பர் அது. 38 டிகிரி நெல்லைச் சாலையில் குழைந்து தேயும், திருப்பத்தில் நெளியும்.

வாங்கிய பிறகு

நல்ல டயரைக் கெடுப்பது பெரும்பாலும் காற்றுதான். ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையில் உள்ள அளவே சரியான அளவு. பக்கச்சுவரில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்சம். அதை அப்படியே பிடிக்கக் கூடாது. டயர் ஐந்தாறு டிகிரி சூடானால் அழுத்தம் ஏறத்தாழ ஒரு பிஎஸ்ஐ கூடும். நாகர்கோவிலிலிருந்து மதிய வெயிலில் வந்து சேர்ந்த டயரை அளந்து, “காற்று அதிகமாக இருக்கிறது” என்று இறக்கிவிட்டால், மறுநாள் காலையில் அது குறைவழுத்த டயர். குறைவழுத்தத்தில் பக்கச்சுவர் அதிகம் மடங்கிச் சூடாகி, நாலுவழிச்சாலை வேகத்தில் வெடிக்கவும் செய்யும். காலையில், வண்டி எடுக்கும் முன் அல்லது பக்கத்து பங்க் வரை மட்டும் ஓட்டி, மாதம் இருமுறை பார்ப்பது போதும். நைட்ரஜன்தான் வேண்டும் என்பதில்லை; நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான்.

நான்கையும் ஒரே நேரத்தில் மாற்ற வசதியில்லாதவர் இரண்டை மட்டும் வாங்கினால், முன்சக்கரத்தில் இழுவையுள்ள காராக இருந்தாலும் புதியவற்றைப் பின்பக்கம்தான் மாட்ட வேண்டும். முன்பக்கம் வழுக்கினால் கார் நேரே போகும். காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுத்தால் பெரும்பாலும் பிடி திரும்பிவிடும். பின்பக்கம் வழுக்கினால் கார் சுழன்றுவிடும், சாதாரண ஓட்டுநரால் அதைத் திருத்த முடியாது. கடைக்காரர் வழக்கத்தால் முன்னே மாட்ட வந்தாலும் இதைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

தாமிரபரணிக் கரையில் டயர் வாங்கச் சரியான மாதம் புரட்டாசி. அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வருவதற்காகத் தடவிய பொருளின் மிச்சம் புது டயரின் மேல் இருக்கும். முதல் இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் வரை முழுப் பிடிப்பு வராது. அதுவரை நிதானமாக ஓட்ட வேண்டும். புரட்டாசியில் மாட்டினால் அந்தத் தூரம் காய்ந்த சாலையிலேயே முடிந்துவிடும். ஐப்பசியின் முதல் கனமழை இறங்கும்போது பட்டன் முழு ஆழத்தோடும், ரப்பர் சாலைக்குப் பழகியும் இருக்கும்.